ஊசியா, ஜெல்லா, மாத்திரையா: 'டி' எடுக்க எத்தனை வழி?

(பாட்காஸ்டில் வந்த பகுதியின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகத் திருத்தி, கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம். மருந்துப் பெயர்களும் அளவுகளும் விஷயம் புரிவதற்காக மட்டுமே. உங்களுக்கு எது, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.)

பின்னாடி ஏதாவது டிரில்லிங் சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க. மந்தைவெளியில மெட்ரோ வேலை நடக்குது, எங்க ஜன்னலுக்கு அது தெரியாது.

போன மாசம் ஒரு தம்பி மெயில் போட்டிருந்தார். வயசு 23. திருநம்பி. ரெண்டு வருஷமா யோசிச்சு, கவுன்சிலிங் போய், எண்டோகிரைனாலஜிஸ்டையும் பார்த்தாச்சு. ரத்தப் பரிசோதனை எல்லாம் ஓகே. டாக்டர், "ஊசி இருக்கு, ஜெல் இருக்கு, ரெண்டுமே பண்ணலாம், யோசிச்சுட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க. இவர் வீட்டுக்கு வந்து நெட்ல தேடியிருக்கார். பாதி வீடியோ அமெரிக்கா, மீதி ஜிம் பசங்க. கடைசியில நமக்கு எழுதியிருக்கார்: "அண்ணா, எது பெஸ்ட்? எது சீக்கிரம் வேலை செய்யும்? வீட்டுல ஒரு ஹால், ஒரு ரூம்தான். அக்காவும் அக்கா குழந்தையும் இப்ப எங்க கூடத்தான் இருக்காங்க. குழந்தைக்கு ஒன்றரை வயசு, என்கிட்டதான் தூங்குவான்."

இந்தக் கடைசி வரியை அவர் சும்மா பாசத்துல எழுதியிருப்பார். ஆனா அவரோட கேள்விக்கு பாதி பதில் அந்த வரியிலதான் இருக்கு. அதுக்கு வர்றேன்.

முதல்ல ஒரு வார்த்தை, புதுசா கேக்கிறவங்களுக்காக. பிறந்தப்போ பெண்ணுன்னு பதிவு பண்ணப்பட்டு, தன்னை ஆணா உணர்ந்து வாழ்றவங்க திருநம்பி. 2022-ல தமிழ்நாடு அரசு கெசட்ல வெளியிட்ட சொல் பட்டியல்லயும் இந்த வார்த்தை இருக்கு. ஆணும் இல்ல பெண்ணும் இல்லன்னு உணர்றவங்கள்லயும் சிலர் டெஸ்டோஸ்டிரோன் எடுக்கிறாங்க. அதை நம்ம ஆளுங்க சுருக்கமா 'டி'ன்னு சொல்வாங்க. இன்னிக்குப் பேச்சு அதைப் பத்தித்தான்.

எல்லாமே ஒரே டி தான்

முதல்ல உடைக்க வேண்டிய நம்பிக்கை ஒண்ணு இருக்கு. "ஊசிதான் ஸ்ட்ராங், ஜெல் சும்மா லைட்டு." கிடையாது. ஊசியா போட்டாலும், தோள்ல தேய்ச்சாலும், முழுங்கினாலும், ரத்தத்துல கடைசியா வேலை செய்யறது ஒரே மூலக்கூறுதான். உங்க குரல்வளைக்கு அது தொடை வழியா வந்துச்சா, தோல் வழியா வந்துச்சான்னு தெரியாது. ரத்தத்துல எவ்வளவு இருக்கு, எவ்வளவு நாள் இருக்குன்னு மட்டும்தான் தெரியும்.

அப்போ ஏன் இத்தனை வடிவம்? காரணம் நம்ம கல்லீரல்.

1939-ல இங்கிலாந்துல மைக்கேல் டில்லன்னு ஒருத்தர் டெஸ்டோஸ்டிரோன் மாத்திரை எடுக்க ஆரம்பிச்சார். நமக்குத் தெரிஞ்ச வரைக்கும் பாலின மாற்றத்துக்காக இந்த ஹார்மோனை எடுத்த முதல் திருநம்பி அவர்தான். ஆய்வுக்கூடத்துல டெஸ்டோஸ்டிரோனை செஞ்சே அப்போ நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. பின்னாடி அவர் டாக்டருக்குப் படிச்சார், கப்பல்ல டாக்டரா வேலை பார்த்தார், பத்திரிகைக்காரங்க அவர் கதையைத் தோண்டி எடுத்ததும் எல்லாத்தையும் விட்டுட்டு இந்தியாவுக்கு வந்து புத்த துறவியானார். 1962-ல டல்ஹவுசியில இறந்துபோனார், 47 வயசு. நம்ம ஊர்ல இந்தப் பேரை யாருமே சொல்றதில்ல. அதான் சொன்னேன்.

சரி, கல்லீரல். வாய் வழியா போற டெஸ்டோஸ்டிரோனை குடல் உறிஞ்சினதும் நேரா கல்லீரலுக்கு அனுப்பும். கல்லீரல் அதுல பெரும்பகுதியை அங்கேயே உடைச்சுடும். ரத்தத்துக்கு வர்றது கொஞ்சம்தான். இதைத் தாண்ட மருந்துக் கம்பெனிங்க மூலக்கூறையே கொஞ்சம் மாத்தி மெத்தில் டெஸ்டோஸ்டிரோன்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. அது கல்லீரல்ல உடையாம தப்பிச்சது, ஆனா கல்லீரலையே கெடுத்தது. ஜிம்ல யாராவது "மாத்திரை இருக்கு மச்சி"ன்னு நீட்டினா, அது இந்தக் குடும்பமா இருக்க வாய்ப்பு அதிகம். தொடாதீங்க.

அதனால கல்லீரலைச் சுத்திப் போற வழி தேடினாங்க. ஊசி ஒரு சுத்துப் பாதை, தோல் இன்னொரு சுத்துப் பாதை.

எண்ணெய்க் கடைக் கணக்கு

ஊசி மருந்தைப் புரிஞ்சுக்க ஒரு எண்ணெய்க் கடைக்குள்ள போனா போதும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய். நிஜமாவே சொல்றேன், டெஸ்டோஸ்டிரோன் ஊசி எல்லாம் இந்த மாதிரி ஏதோ ஒரு எண்ணெயிலதான் கரைச்சு வருது. சஸ்டனான் 250-ல இருக்கிறது கடலை எண்ணெய். நெபிடோன்னு ஒரு நீண்டகால ஊசி, அதுல விளக்கெண்ணெய். அமெரிக்காவுல பிரபலமான சிபியோனேட் ஊசி பருத்திக்கொட்டை எண்ணெயில. வேர்க்கடலை அலர்ஜி இருக்கிறவங்க சஸ்டனான் எழுதித் தரும்போதே டாக்டர்கிட்ட சொல்லிடணும், அட்டையிலயே எச்சரிக்கை போட்டிருக்கும்.

ஏன் எண்ணெய்? வெறும் டெஸ்டோஸ்டிரோனை ஊசியா போட்டா ரொம்ப நேரம் நிக்காது. அதனால அதோட ஒரு கொழுப்பு அமில வாலை ஒட்ட வைக்கிறாங்க. அதுக்குப் பேர் எஸ்டர். வால் நீளமா இருந்தா எண்ணெயோட அதிகமா ஒட்டிக்கும், மெதுவா கசியும். புரோப்பியோனேட் வால் மூணு கார்பன், ரெண்டு மூணு நாள்ல முடிஞ்சுடும். எனாந்தேட் ஏழு கார்பன், ரெண்டு வாரம் ஓட்டலாம். அண்டெக்கனோயேட் பதினொண்ணு, அது மாசக் கணக்கு. ரத்தத்துக்குள்ள வந்ததும் என்சைம் வாலை வெட்டிடும், மிச்சம் அதே டி.

சஸ்டனான்ல நாலு வித வால் கலந்திருக்கு: 30, 60, 60, 100 மில்லிகிராம்னு, மொத்தம் 250. வாலோட எடையைக் கழிச்சுட்டா உள்ள இருக்கிற டெஸ்டோஸ்டிரோன் 176 மில்லிகிராம்தான். அதனால "எனக்கு 250 போடறாங்க, உனக்கு ஜெல்ல 50தானா"ன்னு நண்பர்கள் ஒப்பிட்டுப் பேசறதுல அர்த்தமே இல்ல.

நம்ம ஊர் மருந்துக்கடையில சாதாரணமா கிடைக்கிற குறுகியகால ஊசி ரெண்டு: எனாந்தேட் 250, சஸ்டனான் 250. ரெண்டுமே ஒரு மில்லி. ரெண்டு வாரத்துக்கோ மூணு வாரத்துக்கோ ஒண்ணு போடற பழக்கம் இங்க அதிகம். விலை சில நூறு ரூபாய்க்குள்ள முடியும். எல்லா வழியிலயும் மலிவு இதுதான், அதனாலதான் பெரும்பாலான திருநம்பிகள் இதுல ஆரம்பிக்கிறாங்க.

குறை என்னன்னா ஏத்த இறக்கம். ஊசி போட்ட ரெண்டு மூணு நாள்ல அளவு உச்சிக்குப் போகும், அப்புறம் சரிவு. அடுத்த ஊசிக்கு முந்தின நாலு நாள் சிலருக்குத் தூக்கம் தூக்கமா வரும், எரிச்சல் வரும், சிலருக்கு நின்னுபோன பீரியட்ஸ் துளி எட்டிப் பார்க்கும். அது எவ்வளவு நொறுக்கிப் போடும்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும். என் முதல் வருஷத்துல நான் ஊசி தேதியை வச்சுத்தான் சண்டை போடாத நாளைக் கணக்குப் பண்ணுவேன். அது என் குணம்னே நினைச்சுட்டு இருந்தேன். இடைவெளியைக் குறைச்சு, அளவையும் குறைச்சதும் பாதி சரியாச்சு.

வெளிநாட்டுல இதுக்காகவே வாரம் ஒருமுறை சின்ன அளவா, தசைக்குள்ள இல்லாம தோலுக்கு அடியில போடறாங்க. இன்சுலின் போடற மாதிரி, வயித்துலயோ தொடையிலயோ. ஊசியும் மெல்லிசு. 2017-ல அமெரிக்காவுல 63 பேர்கிட்ட பார்த்த ஆய்வுல இந்த முறையில அளவு நல்லா நின்னுச்சு, ரெண்டு முறையும் பார்த்தவங்க தோலடி ஊசியைத்தான் விரும்பினாங்க. அதே வருஷம் வந்த எண்டோகிரைன் சொசைட்டி வழிகாட்டுதலும் தோலடி ஊசியை ஒரு வழியா சேர்த்திருக்கு.

ஆனா இங்க ஒரு நடைமுறைச் சிக்கல். அந்த வீடியோல காட்டற மாதிரி பல முறை எடுக்கிற ரப்பர் மூடி பாட்டில் இங்க சுலபத்துல கிடைக்காது. நமக்குக் கிடைக்கிறது கண்ணாடி ஆம்பூல். கழுத்தை உடைச்சா முடிஞ்சது, பாதியை எடுத்துட்டு மிச்சத்தை டேப் ஒட்டி வைக்கிற வேலை எல்லாம் கூடாது. கிருமி போகும், சீழ் பிடிக்கும். வாராந்திரம் வேணும்னா மிச்சத்தைக் கொட்டணும், அந்தச் செலவுக்குத் தயாரா இருக்கணும். ஒரு ஆம்பூலை ரெண்டு பேர் பங்கு போடறதுன்னு ஒரு பழக்கம் நம்ம வட்டத்துலயே இருக்கு. தெரியும், காசு மிச்சம். ஒரே சிரிஞ்சை மாத்திக்கிட்டா எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி. அதுக்கு மேல விளக்கம் வேண்டாம்னு நினைக்கிறேன்.

ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, அதையும் சொல்லிடறேன். குளிர்ல எண்ணெய் கெட்டியாகும், மருந்து படிகமா உறையும். 30 டிகிரிக்குக் கீழ வைக்கச் சொல்லித்தான் அட்டையில இருக்கு. மே மாசம் மயிலாப்பூர்ல 30 டிகிரிக்குக் கீழ எங்க இருக்குன்னு கேக்காதீங்க. துணி அலமாரியோட கீழ் தட்டு பரவாயில்ல. சமையலறை வேண்டாம், டூ வீலர் டிக்கி வேண்டவே வேண்டாம். போடறதுக்கு முன்னாடி ஆம்பூலை உள்ளங்கையில வச்சுக் கொஞ்சம் சூடு காட்டினா எண்ணெய் இளகும், வலியும் குறையும்.

மூணு மாசத்துக்கு ஒண்ணு

அண்டெக்கனோயேட் ஊசி. 1000 மில்லிகிராம், நாலு மில்லி. ஆமா, நாலு மில்லி எண்ணெய். முதல் ஊசிக்கு அப்புறம் ஆறு வாரத்துல ரெண்டாவது, பிறகு சுமார் பன்னிரண்டு வாரத்துக்கு ஒண்ணு. வருஷத்துக்கு நாலஞ்சு தடவை ஆஸ்பத்திரி போனா போதும். ஏத்த இறக்கமும் குறைவு. விலை ஆயிரக் கணக்குல போகும், ஆனா மாசத்துக்கு வகுத்துப் பார்த்தா அவ்வளவு பயமுறுத்தாது. ஒரே தடவையில எடுத்து வைக்கிறதுதான் கஷ்டம்.

இதை வீட்டுல போடக்கூடாது. பிட்டத் தசையில ஆழமா, ரெண்டு நிமிஷம் எடுத்து மெதுவா, பயிற்சி இருக்கிறவங்கதான் போடணும். காரணம், எண்ணெய் துளி தவறி ரத்தக்குழாய் வழியா நுரையீரலுக்குப் போனா திடீர் இருமல், மூச்சுத்திணறல், தலைசுத்தல் வரும். அரிதுதான், பெரும்பாலும் தானா சரியாகும், ஆனா நடக்கும். அமெரிக்காவுல 2014-ல இந்த மருந்தை அனுமதிச்சப்போ, போட்டதும் முப்பது நிமிஷம் ஆஸ்பத்திரியிலயே உக்காரணும்னு நிபந்தனை போட்டாங்க. நீங்களும் உக்காருங்க. சிஸ்டர் "கிளம்பலாம்பா"ன்னு சொன்னாலும் ஒரு டீ குடிச்சுட்டு கிளம்புங்க.

இன்னொண்ணு. உள்ள போனதைத் திருப்பி எடுக்க முடியாது. முதல் தடவையே இதுல ஆரம்பிச்சு ஏதாவது ஒத்துக்கலன்னா, அந்த மூணு மாசமும் அதோடதான் வாழணும். அதனால சில டாக்டர்கள் முதல்ல குறுகியகால ஊசி இல்லன்னா ஜெல், உடம்பு பழகினதும் இதுக்கு மாத்தறாங்க. எனக்கு அது நியாயமாப் படுது.

தோள்ல தேய்ச்சுக்கிறது

ஜெல் ஒரு சாஷே அஞ்சு கிராம், ஒரு சதவீதம்னா உள்ள 50 மில்லிகிராம் டி. அதுல தோல் உள்ள இழுக்கிறது சுமார் பத்துல ஒரு பங்கு. தினமும் காலையில குளிச்சுத் துடைச்சு, தோள், மேல் கை, இல்ல வயிறு. காயற வரைக்கும் நின்னு, கையை சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையைப் போடணும். அதுக்கப்புறம் சில மணி நேரம் குளிக்கிறதோ நீச்சலோ கூடாது. ஆல்கஹால் கலந்தது, காயறதுக்குள்ள விளக்கு ஏத்தற வேலையோ சிகரெட்டோ வேண்டாம். வேர்வை பத்தி நிறைய பேர் கேக்கிறாங்க. காஞ்ச பிறகு வேர்த்தா பயப்பட வேண்டாம், தேய்ச்ச அஞ்சாவது நிமிஷம் பஸ் பிடிக்க ஓடினாத்தான் பிரச்சனை.

நல்ல பக்கம்: அளவு நாள் முழுக்க ஓரளவு சமமா நிக்கும். ஊசி பயம் இருக்கிறவங்களுக்கு வரம். மெதுவாப் போகணும், கொஞ்சமா ஆரம்பிச்சுப் பார்க்கணும்னு நினைக்கிறவங்களுக்கு அளவைக் குறைக்க, நிறுத்த சுலபம். ரத்தம் கெட்டியாகிற சிக்கலும் ஊசியை விட இதுல குறைவு. குறை: தினமும் மறக்காம இருக்கணும், மாசச் செலவு குறுகியகால ஊசியை விட நல்லாவே அதிகம், பீரியட்ஸ் நிற்க சிலருக்குக் கூடுதல் மாசம் ஆகும்.

இப்ப அந்தக் குழந்தை விஷயம். ஜெல் தேய்ச்ச தோல்ல இன்னொருத்தர் தோல் படிஞ்சா மருந்து அங்கயும் போகும். 2009-ல அமெரிக்க எஃப்டிஏ இதுக்காகவே ஜெல் டப்பாவுல கட்டம் போட்ட எச்சரிக்கையை வைக்கச் சொன்னது. காரணம், பெரியவங்க ஜெல் தேய்ச்ச வீடுகள்ல சின்னக் குழந்தைகளுக்கு அந்தரங்க முடி வளர்றது, உறுப்பு பெருசாகிறது, எலும்பு வயசுக்கு மீறி முதிர்றதுன்னு கேஸ் வந்தது. ஒன்றரை வயசுக் குழந்தை தோள்ல தலை சாய்ச்சுத் தூங்கற வீடு அது. சட்டை போட்டு மூடினா, தூக்கறதுக்கு முன்னாடி அந்த இடத்தைக் கழுவினா ஆபத்து ரொம்பக் குறையும். ஆனா ஒரு ரூம் வீட்டுல, கரண்ட் போன ராத்திரியில, பனியன் கூட இல்லாம படுக்கிற ஊர்ல, தினம் தினம் அந்த ஒழுங்கு சாத்தியமான்னு அந்தத் தம்பிதான் சொல்லணும். கர்ப்பமா இருக்கிற துணைவி வீட்டுல இருந்தாலும் இதே கவலைதான்.

கேப்ஸ்யூல், மத்ததெல்லாம்

கல்லீரலைத் தாண்ட கேப்ஸ்யூல்காரங்க ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சாங்க. அதே அண்டெக்கனோயேட் வாலை ஒட்டி எண்ணெயில கரைச்சா, சாப்பாட்டுக் கொழுப்போட சேர்ந்து நிணநீர் வழியா போகும், கல்லீரலுக்கு நேராப் போகாது. நம்ம ஊர்ல 40 மில்லிகிராம் கேப்ஸ்யூல் கிடைக்குது. ஆனா கொழுப்புள்ள சாப்பாட்டோட முழுங்கினாத்தான் உடம்புல ஏறும். வெறும் காபியோட போட்டா காசு கரியாச்சு. நாளைக்கு ரெண்டு மூணு வேளை எடுக்கணும், அளவு ஒருநாள் மாதிரி ஒருநாள் இருக்காது, பீரியட்ஸை நிறுத்த இது மட்டும் பத்தாம போகலாம். ஊசியும் முடியாது ஜெல்லும் முடியாதுங்கிறவங்களுக்கு இருக்கட்டும், அவ்வளவுதான் என் கருத்து.

தோல்ல ஒட்டற பேட்ச், தோலுக்கடியில புதைக்கிற பெல்லட், மூக்குல விடற ஜெல்லெல்லாம் வெளிநாட்டு வீடியோல பார்ப்பீங்க. இங்க ஆசைப்பட்டு அலைய வேண்டாம்.

"எது சீக்கிரம்?"

எதுவும் இல்ல. 2014-ல இத்தாலியில 45 திருநம்பிகளை மூணு குழுவாப் பிரிச்சு, ஒரு குழுவுக்குக் குறுகியகால ஊசி, ஒண்ணுக்கு ஜெல், ஒண்ணுக்கு நீண்டகால ஊசின்னு ஒரு வருஷத்துக்கு மேல பார்த்தாங்க. உடம்பு மாற்றம் மூணுலயும் ஏறத்தாழ ஒரே மாதிரி. தாடி எப்ப வரும்ங்கிறதை மருந்து வடிவத்தை விட உங்க அப்பா, தாத்தா, மாமா முகம்தான் அதிகம் முடிவு பண்ணும்.

பொதுவா முகப்பரு, எண்ணெய் வடியறது முதல் சில மாசத்துலயே வரும். பீரியட்ஸ் ஒண்ணுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள நிக்கும். குரல் ஆறு மாசம், ஒரு வருஷம். முழு தாடிக்கு நாலஞ்சு வருஷம் கூட ஆகும். சீக்கிரம் வேணும்னு ரெண்டு ஆம்பூல் போட்டா தாடி ரெட்டிப்பு வேகத்துல வராது. மிகுதி டி-யில ஒரு பங்கை உடம்பு ஈஸ்ட்ரோஜனா மாத்தும், ரத்தம் கெட்டியாகும். நீங்க கேட்டது அது ரெண்டும் இல்லையே.

திரும்பாதது எது, திரும்புறது எதுன்னும் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். நிறுத்தினா தசை, கொழுப்பு, பீரியட்ஸ் பழையபடி வரும். உடைஞ்ச குரல் திரும்பாது. வந்த தாடி, போன தலைமுடி, பெரிதான கிளிட்டோரிஸ், இதெல்லாம் திரும்பாது. "குரல் மட்டும் வேணும், முடி வேண்டாம்"னு மெனு கார்டு கிடையாது. இன்னொண்ணு, பீரியட்ஸ் நின்னுட்டா கர்ப்பம் தரிக்காதுன்னு நினைக்காதீங்க. டி கருத்தடை இல்ல, கருவுக்கு ஆபத்தான மருந்து. பின்னாடி குழந்தை வேணுமான்னு சந்தேகம் இருந்தா கருமுட்டை சேமிப்பு பத்தி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பேசிடுங்க.

ரிப்போர்ட்டைப் படிக்கிறது

எந்த வழியில எடுத்தாலும் முதல் வருஷம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை ரத்தம் பார்க்கணும். இதுல நம்ம ஆளுங்க ஏமாறுற இடம், எப்ப ரத்தம் குடுக்கணும்ங்கிறது. எனாந்தேட்ன்னா ரெண்டு ஊசிக்கு நடுவுல. நீண்டகால ஊசின்னா அடுத்த ஊசிக்குச் சற்று முன்னாடி. ஜெல்லுன்னா ஒரு வாரம் ஒழுங்காத் தேய்ச்ச பிறகு, தேய்ச்சு ரெண்டு மணி நேரமாவது கழிச்சு, அதுவும் ஜெல் தேய்க்காத கையில. தேய்ச்ச இடத்துல ஊசி குத்தினா தோல்ல இருக்கிற மருந்தும் சேர்ந்து வந்து எண் எங்கேயோ போய் நிக்கும். ஊசி போட்ட மறுநாள் டெஸ்ட் எடுத்துட்டு "1,400 வந்துடுச்சு"ன்னு பதறி போன் பண்ணவங்க இருக்காங்க.

வழிகாட்டுதல் சொல்ற இலக்கு டெசிலிட்டருக்கு 320-ல இருந்து 1,000 நானோகிராம். சில லேப் மில்லிலிட்டர் கணக்குல 5.6-ன்னு தரும், நூறால பெருக்குங்க, 560. ஹீமட்டோகிரிட், ரிப்போர்ட்ல பிசிவின்னு இருக்கும், அது 54-ஐத் தாண்டினா டாக்டர் அளவைக் குறைப்பாங்க, இல்ல வழியை மாத்துவாங்க. சிகரெட் அதை ஏத்தும். ஆதார்ல பெண்ணுன்னு இருந்தா லேப் பெண்களுக்கான அளவுகோலை வச்சு ஹீமோகுளோபின் பக்கத்துல பெரிய சிவப்பு அம்புக்குறி போடும். டி எடுக்கிறவங்களுக்கு ஆண்களோட அளவுகோலைத்தான் பார்க்கணும். அம்புக்குறியைப் பார்த்து நீங்களே மருந்தை நிறுத்திடாதீங்க.

எங்க போறது?

மருந்துக்கடையில முதல் தடவை நிக்கிறப்போ என்கிட்ட, "ஜிம்முக்கா தம்பி? ரெண்டு அட்டையா எடுத்துக்கோ, டிஸ்கவுண்ட் தர்றேன்"னாங்க. தம்பின்னு கூப்பிட்ட சந்தோஷத்துல நான் சீட்டை நீட்ட மறந்துட்டேன், அவரும் கேக்கல. அது தப்பு. இது ஷெட்யூல் எச் மருந்து, டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாது. இன்னொரு கடையில உல்டா: அட்டையில ஆண்களுக்குன்னு போட்டிருக்கு, உங்க சீட்டுல பொண்ணு பேர் இருக்கேன்னு திருப்பி அனுப்பினாங்க. ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதான்: டாக்டர் லெட்டர்பேடுல, எதுக்காக எழுதறோம்னு ஒரு வரியோட, தேதி போட்ட சீட்டு. அதோட போட்டோ போன்ல இருக்கட்டும்.

காசு இல்லன்னா அரசு மருத்துவமனை. சென்ட்ரலுக்கு எதிர்ல ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலயும், மதுரை ராஜாஜி மருத்துவமனையிலயும் திருநருக்குன்னே பாலின வழிகாட்டு கிளினிக் நடத்தறாங்க. மந்தைவெளியில பறக்கும் ரயில் ஏறினா பார்க் டவுன்ல இறங்கி நடக்கிற தூரம். கிளினிக் எந்தக் கிழமைன்னு போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க, ஒரு நாள் லீவு மிச்சமாகும். ஹார்மோன் சிகிச்சை வசதி அரசு செஞ்சு தரணும்னு 2019-ல வந்த திருநர் பாதுகாப்புச் சட்டத்தோட 15-வது பிரிவுலயே எழுதியிருந்தாங்க. எழுதினது எல்லாம் வார்டு வரைக்கும் வந்து சேரலங்கிறது வேற எபிசோடு.

தம்பிக்கு நான் எழுதின பதில் இதுதான். ஜெல் இப்போதைக்கு வேண்டாம், அக்கா தனிக்குடித்தனம் போனதும் யோசிக்கலாம். எனாந்தேட்ல ஆரம்பிங்க, வீட்டுல ஆம்பூல் வைக்க வேண்டாம், ஊசி அன்னிக்கு வாங்கிட்டு நேரா கிளினிக் போங்க. பன்னிரண்டு வாரம் கழிச்சு ரத்தம் பார்த்து, ஏத்த இறக்கம் படுத்துச்சுன்னா இடைவெளியை மாத்தச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க. நீண்டகால ஊசிக்கு ஒரு உண்டியல் போடுங்க. ஊசின்னா வீட்டுக்குத் தெரியாது, ஜெல்லுன்னா தெரிஞ்சுடும்னு அவர் இன்னொரு வரியும் எழுதியிருந்தார். அதுக்கு மட்டும் கொஞ்சம் யோசிச்சு எழுதினேன்: மருந்து எந்த வழியில போனாலும் ஆறாவது மாசம் குரல் சொல்லிடும் தம்பி. அதுக்குள்ள அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியுமான்னு பாருங்க.

நேத்து பதில் வந்தது. முதல் ஊசி போட்டாச்சாம், இடது பக்கம். அக்காதான் கூட வந்தாங்களாம். குழந்தை ராத்திரி வலிக்கிற பக்கமே ஏறி உக்காந்துட்டானாம்.